பத்தாவது பச்சைப் புள்ளி

ஊருக்கெல்லாம் பூட்டுப் போடச் சொல்கிறவன் வீடு திறந்து கிடந்தால் ஊர் சிரிக்கும். என் விஷயத்தில் ஊர் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஊருக்குத் தெரியாது. என் மேலதிகாரி ஷிமாச்கோவா அம்மாவுக்குத் தெரியும். அவர் சிரிக்கிற ரகம் இல்லை.

என் பெயர் ராதிம் வாவ்ரா. நாட்டின் இணையப் பெயர்களைப் பதிந்து பராமரிக்கும் அலுவலகத்தில், ஊக்குவிப்பு அதிகாரி. எதை ஊக்குவிக்கிறேன் என்று என் மாமியார் பதினாறு வருடமாகக் கேட்கிறார். இணையத்தில் திருட்டும் புரட்டும் நடக்காமல் இருக்கச் சில விதிமுறைகள் இருக்கின்றன. நல்ல விதிமுறைகள். இலவசம். ஆனால் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. சட்டம் இருந்தால் போலீஸ் போகும். இல்லாததால் நான் போகிறேன். போய்க் கெஞ்சுகிறேன்.

அதில் முக்கியமானது ஒன்று. உங்கள் பெயரில் வேறொருவன் மெயில் அனுப்பாமல் தடுப்பது. அதற்கு உங்கள் இணையப் பெயரில் ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும்: 'எங்கள் கடிதம் இந்த வாசல் வழியாகத்தான் வரும், வேறு வழியாக வந்தால் அது எங்களுடையது அல்ல.' இதில் மூன்று படிகள். முதல் படியில் போலிக் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் அது எங்கிருந்து கிளம்பியது என்று மறுநாள் உங்களுக்கு அறிக்கை வரும். இரண்டாம் படியில் போலி குப்பைக்குப் போகும். மூன்றாம் படியில் வாசலிலேயே விரட்டப்படும். மூன்றாம் படியை எட்டியவர்களுக்கு எங்கள் பட்டியலில் பச்சைப் புள்ளி. மற்ற எல்லாருக்கும் சிவப்பு.

எங்கள் சிற்றூரான கமெனிட்செயில் செப்டம்பருக்குள் பத்துப் பச்சை என்று எனக்கு இலக்கு. ஒன்பது வாங்கிவிட்டேன். தீயணைப்புப் படை ஒரே நாளில் சம்மதித்தது. பேக்கரிக்கு மூன்று நாள். மதுக்காய்ச்சும் ஆலையில் பேச்சுவார்த்தை ஒரு வாரம் நடந்தது, அதை நான் வேண்டுமென்றே இழுத்தேன் என்று சொல்பவர்கள் உண்டு. நகராட்சித் தலைவர், "பச்சைன்னா எந்தப் பச்சை? பெயின்ட் யார் வாங்கறது?" என்று கேட்டார். அவரையும் சம்மதிக்க வைத்தேன்.

பாக்கி ஒன்று. கமெனிட்செ காளான் சங்கம். முப்பத்துநான்கு உறுப்பினர்கள். செயலாளர், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் லிபுஷே வாவ்ரோவா. என்னைத் திருமணம் செய்துகொண்டவர்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி ஷிமாச்கோவா அம்மா போன் செய்தார்.

"ராதிம், உங்க ஊர்ல ஒன்பது பச்சைக்கு நடுவுல ஒரு சிவப்பு இருக்கே, அது யாரு?"

"காளான் சங்கம் மேடம்."

"செயலாளர் வாவ்ரோவான்னு போட்டிருக்கு. சொந்தமா?"

"மனைவி மேடம்."

அவர் விசைப்பலகையில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்டோபர் மூணாம் தேதி மாவட்டக் கூட்டம். பட்டியல பெரிய திரையில போடறோம். அதுக்கு முன்னால நின்னு நீங்கதான் பேசறீங்க. தலைப்பு ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. 'சம்மதிக்க வைப்பது எப்படி?'

வீட்டுக்கு வந்தேன். செருப்பு மாற்றிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தபோது லிபுஷே மேஜை முழுக்கச் செய்தித்தாளை விரித்து, காய வைப்பதற்குக் காளான் சீவிக்கொண்டிருந்தாள். கையில் சின்னக் கத்தி. நல்ல பேச்சுக்கு நல்ல நேரம் இல்லை. ஆனால் நாள் குறைந்துகொண்டே வந்தது.

"லிபுஷே, சங்கத்து மெயிலுக்கு அந்த அறிவிப்பு..."

"யோசிக்கறேன்னு சொன்னேன்ல."

"மே மாசத்துலேர்ந்து யோசிக்கற. பத்து நிமிஷ வேலை. நானே செஞ்சு தர்றேன்."

"பத்து நிமிஷம்னு சொல்லி நீங்க பிரிச்சுப் போட்ட சலவை மெஷின் கொட்டகையில கெடக்கு. போன வாரம் அதுல பூனை குட்டி போட்டுடுச்சு."

"அது வேற, இது வேற."

"அதத்தான் நானும் சொல்றேன். அது துணி. இது சங்கம். சங்கத்துல கை வெக்காதீங்க."

"உன் பேர்ல எவனாவது பொய்யா மெயில் அனுப்பினா என்ன பண்ணுவ?"

"காளான் சங்கம் பேர்ல பொய் மெயில் அனுப்பி எவன் கோட்டை கட்டப் போறான்? தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க."

மே மாதத்திலும் இதே பேச்சுதான். அப்போது ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஊர்க்காரர்கள் காட்டில் பறித்ததைப் படமெடுத்து, 'இதைச் சாப்பிடலாமா?' என்று சங்கத்துக்கு மெயில் அனுப்புவார்கள். லிபுஷே பதில் எழுதுவாள். அவள் பெயரில் வேறு எவனாவது 'சாப்பிடலாம்' என்று எழுதி, அது விஷக் காளானாக இருந்தால்? அன்றைக்கும் காளான்தான் சீவிக்கொண்டிருந்தாள், கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சீவ ஆரம்பித்துவிட்டாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கத்தி நின்றதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஜூன் கடைசியில் ஊர் நூலகத்தில் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பதினோரு பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். கடைசி வரிசையில் தொப்பி போட்ட ஒருவர் மட்டும் விடாமல் குறிப்பெடுத்தார். படிக்கிற கண்ணாடியில் எனக்கு மூன்றாம் வரிசைக்கு அப்பால் எல்லாரும் மங்கல். ஆனாலும் என் பதினாறு வருட உத்தியோகத்தில் முதல் குறிப்பு என்பதால் நெஞ்சு நெகிழ்ந்து, சொல்லத் திட்டமிடாததையும் சேர்த்துச் சொன்னேன். "அவசரப்பட்டுக் கதவை மூடாதீர்கள். முதல் படியில் மூன்று மாதம் நின்று கவனியுங்கள். பிறகு மூடுங்கள்" என்றேன். பாஸ்வேர்ட் பற்றியும் பேசினேன். "பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஒரு ரகசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நான்கு சொற்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்." கைதட்டினார்கள். மழையும் நின்றது.

சரி, சொல்லிப் புரியாதவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். முடிவெடுத்தேன். லிபுஷே பெயரில் நானே ஒரு போலிக் கடிதம் அனுப்புவது. மேயர்களுக்கு நான் வழக்கமாகச் செய்து காட்டும் வித்தைதான். படித்ததும் பொய் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிய வேண்டும். உறுப்பினர்கள் பதறிப்போய் அவளுக்குப் போன் செய்வார்கள். அவள் வெலவெலத்துப்போய் என்னிடம் ஓடி வருவாள். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, 'பத்து நிமிஷ வேலை' என்பேன்.

அப்படி யாரும் நம்ப முடியாத பொய் எது? எங்கள் ஊரில் அதற்கு யோசிக்கவே வேண்டாம். இங்கே ஒருவன் தன் சம்பளத்தைச் சொல்வான், மூல நோயைச் சொல்வான், பழைய காதலியின் பெயரைக்கூட இரண்டாவது கோப்பையில் சொல்லிவிடுவான். காளான் பறிக்கும் இடத்தை மட்டும் சாகும்வரை சொல்ல மாட்டான். எங்கள் வீட்டில் கூடை இரண்டு, பாதை இரண்டு. சனிக்கிழமை காலையில் சேர்ந்து கிளம்புவோம். பாலம் வந்ததும் அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். பத்தொன்பது வருடமாக ஒருவர் மற்றவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் தாம்பத்தியம் நிலைத்திருப்பதற்கு அது ஒரு காரணம்.

வியாழக்கிழமை மாலை லிபுஷே கடையில் இருந்தபோது கணினி முன் உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போது என் உதடு அசையும், முணுமுணுப்பும் வரும். பள்ளிப் பழக்கம், போகவில்லை.

'அன்பு உறுப்பினர்களே, இத்தனை வருடம் என் காளான் இடத்தை மறைத்து வைத்தது சுயநலம் என்று உணர்ந்துவிட்டேன். வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலுக்கு வாருங்கள். அனைவரையும் நேரே அங்கே அழைத்துப் போகிறேன். பெரிய கூடை கொண்டு வரவும். லிபுஷே.'

பெரிய கூடை என்ற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து, அவளைத் தவிர்த்து முப்பத்துமூன்று பேருக்கும் அனுப்பிவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஏழு மணிக்கு லிபுஷே வந்தாள். எட்டு மணிக்கு மணி அடித்தது. பல் டாக்டர். எனக்குத்தான், சுத்தம் செய்ய வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் போஹுஷ் தெரிந்தார். ஓய்வுபெற்ற ரயில் கார்டு, சங்கத்தின் மூத்த உறுப்பினர். கைவண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வண்டியெல்லாம் தயாராகுது?"

"சும்மாதான்ப்பா. வண்டின்னா எண்ணெய் போடணும்ல."

"சங்கத்துலேர்ந்து மெயில் ஏதாவது வந்துச்சா?"

"மெயிலா? எனக்கா? நான் அதெல்லாம் தொறக்கறதே இல்லப்பா." சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "ஆமா, நாளைக்குக் காலைல மழை வருமா? ஆறு மணிக்கு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒருவரும் போன் செய்யாததற்குக் காரணம் அவர்கள் நம்பாதது அல்ல. கேட்டால் லிபுஷே மனசு மாறிவிடுவாளோ என்று மூச்சுவிடாமல் இருக்கிறார்கள். முப்பத்துமூன்று பேரும்.

வீட்டுக்குள் போனால் எனக்குப் பிடித்த குலைடா சூப் கொதிக்கிற வாசனை. கெட்டியான புளிப்புப் பாலேடு, சீரகச் செடித் தழை மாதிரி மணக்கிற தில், நடுவில் முட்டை. ஞாயிற்றுக்கிழமையில்கூட இரண்டு தடவை கேட்டால்தான் கிடைக்கும்.

"என்ன விசேஷம்?"

"விசேஷம் என்ன. சாப்பிடுங்க. நாளைக்கு நடக்கணும்ல."

"எங்க நடக்கணும்?"

"சனிக்கிழமை எங்க நடப்போம்? காட்டுலதான். இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

ஊற்றினாள். சாப்பிட்டேன். வெட்டப்போகிற ஆட்டுக்குத்தான் தழை நிறையக் கிடைக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு. மூடுபனி. வாசலில் முப்பத்தொரு பேர். பெரிய கூடை என்று எழுதியது என் தப்பு. துணிக்கூடை, உருளைக்கிழங்குக் கூடை, ஒருவர் குழந்தைத் தொட்டிலையே கொண்டுவந்திருந்தார். போஹுஷிடம் கைவண்டி. தேவாலய வாசலில் நிற்பதுபோல் நின்றார்கள்.

வீட்டுச் செருப்போடு வெளியே வந்தேன். இப்போது லிபுஷே வந்து பார்ப்பாள், 'நான் அனுப்பலயே' என்பாள், அத்தோடு முடிந்தது. பச்சைப் புள்ளி என் கையில். கொஞ்சம் தாமதமானாலும் திட்டம் திட்டம்தான்.

லிபுஷே வந்தாள். ரப்பர் பூட்ஸ், தலையில் தொப்பி, தோளில் தேநீர்க் குடுவை.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றாள். "மெயில் கெடச்சுதுல்ல? கெளம்பலாம்."

"லிபுஷே, அந்த மெயில நீயா எழுதின?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என் பேர்தான போட்டிருக்கு? வேற யாரு எழுதுவாங்க?"

முப்பத்தொரு பேர் என்னைப் பார்த்தார்கள். நான்தான் எழுதினேன் என்று சொல்லலாம். போலிக் கடிதத்தை ஒழிக்கச் சம்பளம் வாங்குகிறவன் போலிக் கடிதம் எழுதினான் என்று மாலைக்குள் ஷிமாச்கோவா அம்மாவுக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு பூட்ஸ் மாட்டினேன். எப்படியும் போகப்போவது அவளுடைய இடம். எனக்கென்ன. சொல்லப்போனால், பத்தொன்பது வருடமாக எனக்கும் அதைப் பார்க்க ஆசைதான்.

பாலம் வந்தது. லிபுஷே இடப்பக்கம் திரும்பினாள்.

"உன் பக்கம் அது இல்லயே" என்றேன்.

"இன்னிக்கு இந்தப் பக்கம்."

மரமறுக்கும் ஆலையின் பழைய புகைபோக்கி வந்தது. அங்கே வலப்பக்கம் மேடேறினாள். நான் வேகமாக நடந்து அவள் பக்கத்தில் வந்தேன். கை உடைந்த கற்சிலுவை வந்தது. அதைத் தாண்டி ஓடையை ஒட்டி நடந்தாள்.

"இந்தப் பக்கம் உண்ணி ஜாஸ்தி" என்று சத்தமாகச் சொன்னேன்.

"உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார் போஹுஷ்.

"காட்டுப்பன்னி வேற இருக்கு."

"நீ இங்க வந்ததே இல்லைன்னு போன வருஷம் சொன்னியே."

சொல்லியிருந்தேன். மூன்று லார்ச் மரங்கள் வந்தன. அதற்குப் பின்னால் நரி வளை. அதற்கும் பின்னால், பாசி மெத்தைமேல், என் பழுப்புத் தொப்பிக் காளான்கள். என் கைமுட்டி அளவு, சில என் தலை அளவு. பத்தொன்பது வருடமாக நான் மட்டுமே மண்டியிட்ட இடம்.

புகைபோக்கி, சிலுவை, லார்ச், நரிவளை. வாசகர்களிடம் இனி மறைக்க ஒன்றுமில்லை. அதுதான் என் பாஸ்வேர்ட்.

நாற்பது நிமிடத்தில் துடைத்துவிட்டார்கள். போஹுஷ் கைவண்டி நிரம்பியதும் சட்டையைக் கழற்றி அதிலும் கட்டினார். "மகராசி, நீ நல்லா இருக்கணும்" என்று லிபுஷேவிடம் கண் கலங்கினார். நானும் கலங்கினேன். ஆளுக்கொரு காரணம்.

எல்லாரும் போன பிறகு லிபுஷே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தத் தொப்பியை அப்போதுதான் கண்ணாடி இல்லாமல் பார்த்தேன்.

"நூலகத்துல கடைசி வரிசை..."

"நானேதான். உங்க சொற்பொழிவு நல்லாத்தான் இருந்துச்சு. அந்த விஷக் காளான் விஷயம் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. சொற்பொழிவுக்கு அடுத்த நாளே முதல் படிய ஒட்டிட்டேன்." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். "நேத்து காலைல அறிக்கை வந்துச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் என் பேர்ல முப்பத்துமூணு மெயில். கெளம்பின எடம் நம்ம வீட்டு இணைப்பு. நம்ம வீட்டுல ரெண்டே பேரு. நான் கடையில இருந்தேன். என்ன எழுதினீங்கன்னு உங்க கம்ப்யூட்டர்லயே பாத்துட்டேன்."

"அப்ப பட்டியல்ல சிவப்பா இருந்துச்சே."

"மூணாம் படிக்கு வந்தாத்தான பச்சை? மூணு மாசம் கவனிங்க, அப்புறம் மூடுங்கன்னு நீங்கதான சொன்னீங்க. அஞ்சு நாள் பாக்கி. பச்சை ஆனதும் காட்டலாம்னு இருந்தேன். சந்தோஷப்படுவீங்கன்னு."

சிவப்பு என்றால் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்க்க ஒரே ஒரு க்ளிக் போதும். 'நம்பாதீர்கள், திறந்து பாருங்கள்' என்று ஊர் ஊராகச் சொல்கிறவன் நான். அந்த ஒரு க்ளிக்கை என் பெண்டாட்டிக்காக நான் செய்யவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். மறுக்கவில்லை.

"அது சரி, இந்த எடம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தினமும் காலைல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து சிலுவை, லார்ச்சுன்னு ஜெபம் பண்றீங்களே. வயசாகுது, பக்தி வந்துடுச்சு போலன்னுதான் ரொம்ப நாள் நெனச்சேன். அன்னிக்கு நூலகத்துல பெண்டாட்டிகிட்டகூட சொல்லாத ரகசியம்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் புரிஞ்சுது."

அக்டோபர் மூன்றாம் தேதி திரையில் பத்துப் பச்சைப் புள்ளிகள் ஒளிர்ந்தன. ஷிமாச்கோவா அம்மா முதல்முறையாகச் சிரித்தார். "உங்க மனைவிய எப்படி சம்மதிக்க வெச்சீங்க, அத மட்டும் விளக்கமா சொல்லுங்க" என்றார். பொறுமைதான் காரணம் என்று இருபது நிமிடம் பேசினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தேன். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக அலைந்து புது இடம் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதிலிருந்து நான்கு சொற்கள். கதவைச் சாத்தினேன். திரும்பிப் பார்த்தேன். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன்.

சமையலறையிலிருந்து லிபுஷேயின் குரல் கேட்டது. "மூணாவது வார்த்தைய மாத்திடுங்க. அந்தக் கிணறு போஹுஷுக்குத் தெரியும்."